ரோசின் போடாத வில்

ஸ்டாண்ட்பை என்று ஃப்ளோர் மேனேஜர் ராஜ்மோகன் சார் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் சொல்லி ரொம்ப நேரமாகிறது. ஸ்டாண்ட்பை என்றால் வயலின் தோளில், வில் கம்பிக்கு மேல் ஒரு விரல் உயரத்தில், முகத்தில் சிரிப்பு. சிரிப்பை மட்டும் தனியாக ஞாபகப்படுத்துவார், ஜெபின் சிரிப்பு, ஜெபின் சிரிப்பு என்று, என்னவோ நான் ரூமில் மறந்து வைத்துவிட்டு வந்த சாமான் மாதிரி. சிரிக்கிறேன். இரண்டாவது வரிசை ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவளும் சிரிக்கிறாள். தக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணுக்குக் கீழே அப்படியே இருக்கிறது, ஆனாலும் பச்சைப் பட்டு கட்டி, மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாளிடம் ஏதோ பேசுகிறாள். இன்னும் என்னைக் காட்டவில்லை. காட்டத்தான் போகிறாள், சோலோ வரட்டும் என்று வைத்திருக்கிறாள் போல. இந்தப் பாட்டுக்கு நடுவில் எட்டு பார், அதாவது எட்டு தாளக்கட்டு நீளத்துக்கு, வயலின் மட்டும் தனியாக வரும். அப்போது கேமரா மேலேயிருந்து இறங்கி என் முகத்துக்கு வரும், கைக்கு வரும், நான் வாசிப்பேன், அதாவது வாசிப்பதுபோலக் கையை ஓட்டுவேன். சத்தம் எனக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு அந்தப்பக்கம், கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்து கிளமெண்ட் அண்ணன் வாசிப்பது. மேடையில் வெள்ளைக் கோட்டு போட்ட பன்னிரண்டு பேர் நாங்கள். வயலின் அவரவருடையது, பன்னிரண்டு வில்லும் கம்பெனி வாங்கிக் கொடுத்தது, புத்தம்புது முடி, ரோசின் தடவாதது. ரோசின் இல்லாத வில் கம்பிமேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும், ஈர சோப்பின்மேல் கை போகிற மாதிரி, சத்தம் வராது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. டி.வி.யில் பாட்டுப் போட்டி பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, தெரியாமல்தான் இன்றைக்கு ஃபைனல் நேரலை என்றதும் பாஸ் வாங்கித்தரச் சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“என்னடா மூஞ்சி, பல்லு புடுங்க உக்கார வெச்ச மாதிரி?” என்கிறாள் பக்கத்து நாற்காலி ஜோவிட்டா. உதடு அசையாமல் பேசுவதில் அவள் கெட்டிக்காரி, சிரிப்பு அப்படியே இருக்கும், வார்த்தை பல்லிடுக்கு வழியாக வரும். அம்மா வந்திருக்காங்க என்றேன். “எங்க?” பச்சைப் புடவை. “ஐயோ. சொல்லிட்டியா?” இல்ல. “லூசு. நான்லாம் மொத நாளே எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், அப்பா நான் சும்மா கைய ஆட்டிட்டு வர்றவ, வாசிக்கறது வேற ஆளுன்னு. அவரு, பரவால்லம்மா எங்க ஆபீஸ்ல மேனேஜரும் அப்டித்தான்னாரு.” எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் அப்பா அப்படிச் சொல்லலாம். அவள் வாசிப்பதை அவர் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை, அவள் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். என் அம்மா அப்படியில்லை. முன் ரூமில் தையல் மெஷின், அடுத்த ரூமில் நான், நடுவில் கதவுகூடக் கிடையாது, ஒரு திரைச்சீலைதான், அதுவும் யாருக்கோ தைத்து மிஞ்சிய துணி. பத்து வயசிலிருந்து நான் இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்குப் பசிக்கிறதா, சர்ச்சில் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேனா என்பதை சத்தத்தை வைத்தே சொல்லுவாள். “என்னல மக்கா, இன்னைக்கு உனக்க வில்லு கோவமா போவுது” என்று திரைக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வரும். ராகம் தெரியாது, நோட்டு தெரியாது, என் சத்தம் தெரியும். அந்தக் காதைக் கொண்டுவந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினபோதே சொல்லியிருக்கலாம், பையை வாங்கினபோது, டீ குடித்தபோது, அம்மா ஒரு விஷயம் என்று ஆரம்பிக்கக்கூடச் செய்தேன், என்ன மக்கா என்றாள், டீ சூடா இருக்கா என்று கேட்டேன். அவ்வளவுதான் நான்.

க்ளிக் விழுந்துவிட்டது காதில். டக் டக் டக் டக், நாலு, பாட்டு ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வில்லும் ஒன்றாக இறங்குகின்றன, ஒன்றாக ஏறுகின்றன, ரிப்பன் மாதிரி, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். முதல் சீசனில் மாடல் பையன்களைக் கொண்டுவந்து வயலினைக் கொடுத்து உட்காரவைத்தார்களாம், ஒருத்தன் வில்லை மீன் வெட்டுகிற மாதிரி ஆட்டி, அந்தத் துண்டை யாரோ வெட்டி எடுத்து நெட்டில் போட்டு ஊரே சிரித்து, அப்புறம்தான் டைரக்டர் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஆடிஷன் வைத்தார்கள். நிஜமான ஆடிஷன். கிளமெண்ட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒரு மெதுவான பீஸ், ஒரு வேகமான பீஸ், நோட்டைப் பார்த்தவுடன் வாசிக்க ஒன்று, எல்லாம் முடிந்து எழுந்து வந்து என் தோளைத் தட்டி, “நல்ல கை தம்பி. வில்லு நேரா போவுது. மேடையில உக்காந்துடு” என்றார். மேடையில் என்றதும் நான் என்னவோ என்று நினைத்தேன். நன்றாக வாசிக்கிறவனைத்தான் வாசிக்காமல் இருப்பதற்குத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே கண்ணாடி ரூமில் ஒரு நாற்காலி கிடைக்குமா அண்ணே என்று கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் அவர் என் கன்னத்தைக் கிள்ளாத குறையாக, “இந்த மூஞ்சிய உள்ள பூட்டி வெக்கச் சொல்றியா, டைரக்டர் என்னை உதைப்பாரு” என்பார், சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு ஊரில் ஒருத்தன் இருந்தானாம், அவனுக்கு வயலின் இருந்ததாம், வில் இருந்ததாம், கை இருந்ததாம், சத்தம் மட்டும் பக்கத்து வீட்டில் இருந்ததாம்.

சத்தம் வழுக்குவதால் வருகிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், வில் அவ்வளவு வழவழவென்று போகிறதே. இல்லை. பிடிப்பதால் வருகிறது. ரோசின் என்பது மரப்பிசின்தான், கல்கண்டுக் கட்டி மாதிரி இருக்கும், அதை வில்லின் குதிரைவால் முடியில் தேய்த்தால் முடிக்குப் பசை வந்துவிடும். பசை வந்த முடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பிடித்து இழுத்துக்கொண்டு போகும், கம்பி கொஞ்ச தூரம் கூடவே போகும், அதற்குமேல் முடியாது என்று உதறிக்கொண்டு திரும்பி ஓடும், ஓடினதை முடி மறுபடி பிடிக்கும். பிடி, உதறு, பிடி, உதறு, நொடிக்கு நூற்றுக்கணக்கில். கேட்கிறவனுக்கு ஒரே இழை, உள்ளே நடப்பது முழுக்க இழுபறி. யாரோ கம்பியை மெதுவாக்கிக் காட்டிய வீடியோ ஒன்றை ரூமில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன், கம்பி வயிறு உப்பி ஆடும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், அப்படி இல்லவே இல்லை, கம்பி ஓரிடத்தில் மடிந்து கூரை முகடு மாதிரி ஒரு மூலை நிற்கிறது, அந்த மூலை ஓடுகிறது, விரல் வரைக்கும் போய் முட்டித் திரும்பி, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் கட்டை வரைக்கும் போய் முட்டித் திரும்பி, ஒவ்வொரு சுற்றிலும் வில் இருக்கிற இடத்தைக் கடக்கும்போது ஒரு தட்டுத் தட்டி முடியின் பிடியை விடுவித்துவிட்டுப் போகிறது. எவ்வளவு அழகு. எனக்கு என்ன பிரயோஜனம்? எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, மூலையும் தெரியும் முகடும் தெரியும், பாதி வில்லில் கை எவ்வளவு கனக்க வேண்டும், நுனிக்குப் போகப்போக எவ்வளவு கூட்ட வேண்டும், பிரிட்ஜ் பக்கம் போனால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உள்ளங்கைக்குத் தெரியும், இவ்வளவையும் வைத்துக்கொண்டு மேலே கீழே மேலே கீழே என்று தூசி துடைத்துக்கொண்டிருக்கிறேன். பாடுகிற பெண் முதல் சரணத்துக்கு வந்துவிட்டாள். நல்ல குரல். அவள் மைக் நிஜமானது.

என்ன அது. கையில் ஏதோ. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. இல்லை, இருக்கிறது, வில்லின் நடுப்பகுதி கம்பியைக் கடக்கும்போது ஒரு சின்ன இழுப்பு, பட்டுத் துணி ஆணியில் மாட்டி விடுபடுகிற மாதிரி. காதுக்குக் கேட்பதற்கு முன்னால் தாடைக்குத் தெரியும், வயலினை அழுத்திப் பிடித்திருக்கிற தாடை எலும்புக்கு, ஒரு முணுமுணுப்பு. ரோசின் இல்லாத வில்லில் எப்படி? வில் புதுசு. வில்லில் இல்லை. கம்பியில் இருக்கிறது. கம்பியைத் துடைக்கவில்லை. ஐயோ, நான் கம்பியைத் துடைக்கவில்லை. காலையில் என்னுடைய வில்லை எடுத்து, என்னுடைய பழைய, ரோசின் ஏறி ஏறி மஞ்சளாகிப்போன வில்லை எடுத்து வாசித்தேனே, அந்தப் பொடி முழுக்கக் கம்பியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், வழக்கமாக மேடைக்கு வரும்முன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நாலு கம்பியையும் துடைத்துவிடுவோம், பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று துடைப்போம், ஜோவிட்டாதான் பஞ்சை வைத்துக்கொண்டு நெத்தில திருநீறு பூசுற மாதிரி பூசிக்குங்க என்று எல்லாருக்கும் நீட்டுவாள், இன்றைக்கு நான் வரிசையில் நிற்கவில்லை, அம்மாவை உட்கார வைக்கப் போய்விட்டேன், வாசல் செக்யூரிட்டி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பி ஓடி வருவதற்குள் ஸ்டாண்ட்பை. புதுமுடி இப்போது கம்பியிலிருக்கிற பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம். இரண்டு சரணம் தாண்டினால் இந்த வில் பேச ஆரம்பித்துவிடும், நன்றாகவும் பேசாது, இங்கே கொஞ்சம் பசை அங்கே கொஞ்சம் வழுக்கல், பிடிக்கவேண்டிய இடத்தில் விட்டு, விடவேண்டிய இடத்தில் பிடித்து, கீச்சென்றுதான் வரும்.

காலையில் அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் வந்த முகத்தைக் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே, “ஒருக்கா வாசிச்சுக் காட்டு மக்கா, இன்னைக்கு வாசிக்கப் போறதத்தான். உனக்க சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு” என்றாள். சோலோ எட்டு பார் எனக்கு மனப்பாடம், கை சரியாக ஓட வேண்டுமே, கிளமெண்ட் அண்ணன் எந்த இடத்தில் வில் மாற்றுகிறாரோ, இழுத்த வில்லைத் திருப்பித் தள்ளுகிறாரோ, அந்த இடத்தில் நானும் மாற்ற வேண்டுமே. ஆனால் காலையில் அவர் மாதிரி வாசிக்கவில்லை. என் மாதிரி வாசித்தேன். அவர் மூன்றாவது பாரில் வில் மாற்றுகிற இடத்தில் நான் மாற்றாமல் ஒரே வில்லில் இழுத்துக்கொண்டே போய் நுனியில் அந்தக் கடைசி நோட்டை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ரூம்மேட் சந்தோஷ்குமார் குளித்துவிட்டு வந்தவன் துண்டோடு வாசலில் நின்றுவிட்டான். அம்மா சீப்பைத் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “இதையா இன்னைக்கு எல்லாரும் கேக்கப் போறாங்க?” என்று கேட்டாள். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். இல்லம்மா இதை நீ மட்டும்தான் கேட்டே என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமா என்றேன். ஆமா என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனேன். இப்போது சில மணி நேரம் கழித்து அதே எட்டு பார், என் கையைக் காட்டி, வேறொருத்தர் சத்தம். அவள் கண்டுபிடித்துவிட்டால் நான் பொய்க்காரன், சரி, அதைப் பேசித் தீர்க்கலாம், அழுவாள், திட்டுவாள், சோறு போடுவாள். கண்டுபிடிக்காவிட்டால்? கிளமெண்ட் அண்ணனின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து அம்மாளின் கையைத் தட்டி, என் மவனாக்கும் என்று காட்டிவிட்டாளானால், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் இத்தனை வருஷம் அவள் எதைக் கேட்டாள்? கோபம் தெரியும் பசி தெரியும் என்றாளே, அதெல்லாம் சும்மாவா? எங்கேயுமே கேட்காத என் சத்தம் அந்த ஒரு இடத்திலாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே.

“டேய், உன் வில்லு முனகுது” என்கிறாள் ஜோவிட்டா, பல்லிடுக்கு வழியாக. தெரியுது. “தொடைக்கலியா?” தொடைக்கல. “செத்தோம். நீ மட்டும் செத்தா பரவால்ல, நானும்ல பக்கத்துல உக்காந்திருக்கேன். தூக்கி ஓட்டு, கம்பில படாம தூக்கி ஓட்டு.” தூக்கி ஓட்டலாம். ஒரு நூல் அளவு தூக்கினால் போதும், சத்தம் நின்றுவிடும். ஆனால் க்ளோஸப்பில் தெரிந்துவிடும், கம்பி ஒரு பக்கம் வில் ஒரு பக்கம், காற்றில் வாசிக்கிறான் பார் என்று அதையும் யாரோ வெட்டி எடுத்துப் போடுவார்கள், முடி கம்பியைத் தொட்டே ஆக வேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. இப்போதைக்குத் தூக்கி ஓட்டுகிறேன். வில்லைக் கம்பியில் வைத்திருப்பது சுலபம், கம்பிதான் வில்லைத் தாங்கும், கம்பிக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி ஓட்டுவதற்குத் தோளே கழன்றுவிடும். இரண்டாவது சரணம் முடிகிறது. பாடுகிற பெண் திரும்பிவிட்டாள், ரிகர்சலில் சொன்னபடியே என்னைப் பார்த்து நடந்து வருகிறாள், என் பக்கத்தில் வந்து நின்று நான் வாசிப்பதை ரசிக்க வேண்டும், அதுதான் ஷாட், அவள் கையில் அந்த நிஜமான மைக், என் வயலினுக்கு ஒரு முழத்தில். கேமரா இறங்குகிறது, பெரிய ஈ மாதிரி. “ஜெபின், வில்லு கம்பில படட்டும். சிரிப்பு” என்கிறார் ராஜ்மோகன் சார்.

தபேலா நின்றது. கீபோர்டு நின்றது. கிளமெண்ட் அண்ணன் ஆரம்பித்துவிட்டார், ஸ்பீக்கர்களிலிருந்து, எல்லாப் பக்கமிருந்தும், பால்கனியிலிருந்துகூட. என்ன சத்தம் ஐயா அது. முதல் நோட்டு எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாமல் ஆரம்பிக்கிறார், வில் கம்பியைத் தொட்ட இடம் காதுக்குத் தெரியாது. திட்டவும் முடியவில்லை. என் கை அவர் கைக்கு நிழல் மாதிரி போகிறது, கம்பிமேல் வைத்துவிட்டேன், இறகு மாதிரி, கனமே இல்லாமல், வழுக்கு வழுக்கு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு. முதல் பார். அம்மா என்னைப் பார்க்கிறாள். பையை விட்டுவிட்டு முன்னால் குனிந்து பார்க்கிறாள். இரண்டாவது பார். பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. தலை மெதுவாகத் திரும்புகிறது, இடது பக்க ஸ்பீக்கரைப் பார்க்கிறாள், மேலே பார்க்கிறாள், பிறகு ஜோவிட்டாவை, அவளுக்குப் பின்னாலிருக்கும் வரிசையை, ஒவ்வொரு வயலினாக, வீட்டில் எங்கேயோ குழாய் சொட்டினால் எழுந்து ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்ப்பாளே, அந்த மாதிரி. ஹால் முழுக்க என்னையே பார்க்கிறது, அவள் ஒருத்தி மட்டும் என்னைத் தவிர எல்லாரையும் பார்க்கிறாள். பக்கத்து அம்மாள் என்னைக் காட்டி ஏதோ கேட்கிறாள், உங்க பையனா என்று கேட்டிருப்பாள், அம்மா இல்லை என்கிற மாதிரியும் ஆமாம் என்கிற மாதிரியும் இல்லாமல் தலையை அசைக்கிறாள். மூன்றாவது பார். கிளமெண்ட் அண்ணன் வில் மாற்றினார். என் கை மாற்றவில்லை. காலையில் போன வழியிலேயே போய்விட்டது, மடையன் கை, நுனியை நோக்கி இழுத்துக்கொண்டே போகிறது, நுனிக்குப் போகப்போகக் கனத்தைக் கூட்டுகிறது, பதினாலு வருஷப் பழக்கம், நான் கூட்டவில்லை, கை கூட்டுகிறது, நடுவில் பொடி சேர்ந்திருக்கிற இடம் வருகிறது, முடி கம்பியைப் பிடித்தது.

கீச்சென்று ஒரு சத்தம். கதவுக் கீல் மாதிரி, பாதி நோட்டு பாதி பிராண்டல், அந்தப் பெண்ணின் மைக் அதை அப்படியே எடுத்துக்கொண்டது, நேரலையில், வீடு வீடாகப் போயிருக்கும். பாடுகிற பெண்ணின் சிரிப்பு ஒரு கணம் கழன்று மறுபடி ஒட்டிக்கொண்டது. “எவன்டா அது” என்று காதில் அலறுகிறார் ராஜ்மோகன் சார், “ஜெபின், தூக்கு, வில்லத் தூக்கு, தூக்குடா.” பின்னால் கண்ணாடி ரூமில் எனக்கு ஒருநாளும் நாற்காலி இல்லை, அது முடிந்தது, இந்த நாற்காலியும் முடிந்தது, ஜோவிட்டா ஏசுவே ஏசுவே என்கிறாள், அவளுக்குப் பல்லிடுக்கெல்லாம் மறந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் அம்மாவின் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. சுற்றித் தேடிக்கொண்டிருந்த தலை, தேடுவதை நிறுத்திவிட்டு, நேராக என்னிடம். முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே பக்கத்து அம்மாளின் முழங்கையைப் பிடித்து உலுக்கி, விரல் நீட்டி என்னைக் காட்டுகிறாள், உதடு அசைவது எனக்கு இங்கேயிருந்து தெரிகிறது, எனக்க மவன், அதா, அதாக்கும் எனக்க மவன். தேன் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற அவ்வளவு பெரிய சத்தத்தை விட்டுவிட்டு இந்தப் பிராண்டலில் போயா என்னைக் கண்டுபிடிக்க வேண்டும், என்ன அம்மா நீ, இதையா காட்டுவாய், எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, இதைவிட நன்றாக வாசிப்பேனே அம்மா. தூக்குடா தூக்குடா என்கிறது காது. வில் நுனியில் நிற்கிறது. இன்னும் நாலு பார் இருக்கிறது. கையைக் கனக்க வைத்து, கம்பியிலிருந்து எடுக்காமல், மேலே தள்ளினேன்.